எல்ச்சே பெருமாட்டி: அணிகலன்கள் நிறைந்த ஒரு மார்பளவுச் சிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில், தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் சிலையைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. 'தாமா தெ எல்ச்சே' என்று ஸ்பானியர்கள் அழைக்கும் இச்சிலையைத் தமிழில் எல்ச்சே பெருமாட்டி எனலாம். அவளுடைய முகத்தை வியந்து எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் இச்சிலையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி, முகத்திலிருந்து அன்றி அவள் பூண்டிருக்கும் அணிகலன்களிலிருந்தும் முதுகில் உள்ள குழியிலிருந்தும் பெறப்பட்டதாகும். ஆகவே விடைகளும் அவற்றையே அதிகம் நாடிச் செல்கின்றன.

இந்தச் சிலை யாரால், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது?

உரோமானியர் வருவதற்கு முன்பு ஸ்பெயினின் கிழக்கு, தெற்குக் கரையோரங்களில் வாழ்ந்த இபேரியர் என்னும் மக்களின் கலைப்படைப்பு இது. கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அருங்காட்சியகம் ஏற்றுள்ள கணிப்பு. சிற்பியின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. இபேரியர்களுக்கு எழுத்து இருந்தது. அவ்வெழுத்துகளின் ஒலிமதிப்பை மனுவேல் கோமெஸ் மொரேனோ 1920களில் தெளிவுபடுத்திவிட்டார். ஆனால் அம்மொழியின் பொருள் இன்றுவரை பிடிபடவில்லை. எனவே இபேரியக் கல்வெட்டுகளை வாய்விட்டுப் படிக்க முடிகிறதே தவிர, அவை என்ன சொல்கின்றன என்பது பெரும்பாலும் விளங்குவதில்லை. இச்சிலையிலோ எழுத்தே கிடையாது.

அளவும் எடையும் எவ்வளவு?

உயரம் 56 செ.மீ., அகலம் 45 செ.மீ., முன்பின் ஆழம் 37 செ.மீ.; எடை ஏறத்தாழ 65 கிலோ. படங்களில் மட்டுமே பார்த்தவர்கள் பெரிய சிலை என்று எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையில் தலையும் தோளும் வளர்ந்த ஒரு மனிதரின் அளவையே ஒட்டியிருக்கின்றன. கல், எல்ச்சே நகருக்கு வடக்கேயுள்ள ஃபெரியோல் பகுதிக் கற்சுரங்கத்தைச் சேர்ந்த, நுண்ணிய மணல்தன்மை கொண்ட சுண்ணாம்புக்கல். வெட்டும்போது மென்மையாக இருக்கும் இத்தகைய கல்லில்தான் இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு சாத்தியமாகும். எளிதில் சிதையக்கூடியதும் அதே காரணத்தால்தான்.

எங்கே, எப்படிக் கிடைத்தது?

ஸ்பெயினின் தென்கிழக்கில், அலிகாந்தே மாகாணத்தில் எல்ச்சே என்னும் நகரம் உள்ளது. அதற்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள லா அல்குதியா என்னும் மேட்டில், 1897 ஆகஸ்ட் 4 அன்று, நிலத்தைப் பயிர்செய்வதற்காகச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது சிலை வெளிப்பட்டது. அந்த மேடு இபேரியர்களின் ஊராகவும், பின்னர் இலிசி என்னும் உரோமானியக் குடியேற்றமாகவும் இருந்த இடம். நிலம் மனுவேல் காம்பெல்லோ என்னும் மருத்துவருக்கு உரியது.

கண்டெடுத்தவர் யார் என்பதில் இரு கதைகள் வழங்குகின்றன. வேலையாட்கள் ஓய்வெடுத்த நேரத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் மண்வெட்டியை எடுத்து விளையாட்டாக வெட்டியதாகவும் அது கல்லில் பட்டதாகவும் ஒரு கதை. வேலையாட்களுள் ஒருவரான அந்தோனியோ மசியாவே கண்டெடுத்தார் என்பது மற்றொன்று. முதற்கதை கேட்பதற்குச் சுவையானது என்பதாலேயே அதிகம் பரவியது என்று நினைக்கத் தோன்றுகிறது. நமக்கு அதைவிட முக்கியமானது சிலை இருந்த நிலை: நகர்மதிலை ஒட்டி, கற்பலகைகள் சூழ்ந்த ஓர் ஒதுக்கிடத்தில் அது நின்றிருந்தது. பண்டைக்காலத்திலேயே யாரோ அதை வேண்டுமென்று மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பலரும் கருதுவது அதனால்தான். அன்றைக்கு முறையான அகழாய்வு நடக்கவில்லை. எனவே மண்ணடுக்கைக் கொண்டு காலம் கணிக்கும் வாய்ப்பு அந்த ஒரே நாளில் கைநழுவிப் போயிற்று. பின்னர் எழுந்த சச்சரவுகளில் பாதி இந்த ஓர் இழப்பிலிருந்து பிறந்தவை.

ஊர் மக்கள் உடனே அதற்கு 'மூர் அரசி' என்று பெயரிட்டார்கள். மூர்கள் என்போர் இடைக்காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள். மருத்துவர் தம் வீட்டு மாடி முகப்பில் சிலையை வைத்து, தெருவில் வந்து நின்றவர்கள் எல்லாம் பார்க்கும்படி செய்தார். எல்ச்சேயின் வரலாற்றுப் பதிவாளரான பெத்ரோ இபார்ரா உடனடியாக அதைப் பற்றி எழுதி வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்.

அவள் அணிந்திருப்பவை என்னென்ன?

மேலிருந்து கீழாகப் பார்ப்பது எளிது. தலையின் பின்புறத்தில் உயர்ந்து நிற்கும் ஏதோ ஒரு சட்டம் அல்லது சீப்பு போன்ற பொருளின்மீது துணி போர்த்தப்பட்டிருப்பதால், பக்கவாட்டில் பார்த்தால் தலை பின்னோக்கிக் கூம்பி எழுகிறது. அந்தத் துணி நெற்றியின் மேல் படிந்து வர, அதன்மேல் சிறு உருண்டைகள் வரிசையாகப் பதித்த நெற்றிப்பட்டம் கட்டப்பட்டுள்ளது. முகத்தின் இருபுறமும் காதுகளை முற்றிலும் மறைத்தபடி இரண்டு பெரிய வட்டச் சக்கரங்கள் அமைந்துள்ளன. அவற்றின் முகப்பிலும் விளிம்பிலும் மணிகளும் வளைகோட்டு அலங்காரங்களும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக்கரத்துக்கும் கன்னத்துக்கும் இடையே, நுனிகளில் சிறு குமிழ்கள் கோத்த தொங்கல்கள் தோள்வரை இறங்குகின்றன.

கழுத்தில் மூன்று சரங்கள். உருண்டை மணிகளுக்கிடையே, கிரேக்கர்கள் எண்ணெயும் திராட்சை மதுவும் ஊற்றி வைத்த இருகைப் பிடி ஜாடிகளின் வடிவில் சின்னஞ்சிறு தொங்கல்கள் கோக்கப்பட்டுள்ளன. இன்னும் கீழே, நாக்கு வடிவில் தட்டையான பெரிய பதக்கங்கள் தொங்குகின்றன. உள்ளே எதையேனும் வைத்து மூடி அணியும் தாயத்துக் கூடுகள் இவை என்று கருதப்படுகிறது. சரங்களுக்கு அடியில், மெல்லிய உட்சட்டையைச் சிறிய ஊசி ஒன்று கழுத்தருகே பூட்டியிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். அதற்கு மேல் இன்னொரு ஆடையும், எல்லாவற்றுக்கும் மேலாக இருபுறமும் மடிப்பு மடிப்பாக விழும் கனத்த மேலாடையும் உள்ளன.

இந்த நுணுக்கம் எதையும் சிற்பி கற்பனையாகச் செய்யவில்லை என்பதே இங்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மணி எந்த நூலில் கோக்கப்பட்டிருக்கிறது, தொங்கல் எங்கே முடிச்சிடப்பட்டிருக்கிறது, மேலாடையின் எந்த மடிப்பு எதன்மேல் விழுகிறது என்பன எல்லாம் குழப்பமின்றித் தொடர்கின்றன. கண்முன்னே ஒரு பொற்கொல்லனின் வேலையை வைத்துக்கொண்டு பார்த்துச் செதுக்கியவரின் கைதான் இப்படிச் செல்லும்.

அந்தச் சக்கரங்களை உண்மையாகவே பெண்கள் அணிந்தார்களா?

சிலையைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு விடை தேட ஒரு பழைய எழுத்துச் சான்று உதவுகிறது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, தமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த ஆர்ட்டெமிடோரஸ் சொன்னதாக, இபேரியப் பெண்களின் தலையணிகளைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். சிலர் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டி, அதிலிருந்து தலைக்கு மேலாக வளைந்து நெற்றிக்கு முன்னே நீண்டுவரும் கம்பிகளின்மீது முக்காட்டை இழுத்துவிட்டு முகத்துக்கு நிழல் செய்துகொள்கிறார்களாம். சிலர் தலையைச் சுற்றி, காதுமடல்வரை இறுக்கிப் பிடிக்கும் சிறுமுரசு போன்ற ஒன்றை அணிகிறார்களாம். வேறு சிலர் ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ள கோலைத் தலையில் நிறுத்தி, அதில் கூந்தலைச் சுற்றி, மேலே கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்கிறார்களாம்.

இந்தக் குறிப்புகளில் எதுவும் எல்ச்சே பெருமாட்டியோடு சொல்லுக்குச் சொல் பொருந்தவில்லை. காலமும் சில நூற்றாண்டுகள் பிந்தியது. எனினும் உயரமான சட்டத்தின்மேல் துணி போர்த்துதல், காதருகே வட்டமான கனத்த அணி என்னும் இரு கூறுகளும் அந்நாட்டுப் பெண்களின் வழக்கத்தில் இருந்தவையே என்பது தெளிவு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதிவைக்கும் அளவுக்கு அவை விசித்திரமாகத் தோன்றியிருக்கின்றன.

சக்கரங்களுக்குள் என்ன இருந்தது என்று கேட்டால், பின்னிச் சுருட்டிய கூந்தல் என்பதே பொதுவான கருத்து. பொன் அல்லது வெள்ளித் தகட்டால் செய்த கூடுகளுக்குள் பின்னலைச் சுருட்டி வைத்து, இரண்டையும் தலைக்கு மேலாகச் செல்லும் பட்டையால் இணைத்திருக்கலாம். நாள்தோறும் அணியக்கூடியது அல்ல. திருமணம், வழிபாடு, ஈமச்சடங்கு போன்ற பெருநிகழ்ச்சிகளுக்கு உரியது என்று கொள்வதே பொருத்தம்.

நிறம் இருந்ததா?

இருந்தது. இன்று வெளிறிய மஞ்சள் கல்லாகத் தெரியும் இச்சிலை, மெல்லிய சுண்ணப்பூச்சின்மேல் வண்ணம் தீட்டப்பட்ட ஒன்று. உதடுகளிலும் ஆடை மடிப்புகளிலும் சிவப்பின் எச்சங்கள் இன்னும் தெரிகின்றன. எகிப்திய நீலம் எனப்படும் செயற்கை நிறமியின் தடயங்களும் ஆய்வில் கிடைத்துள்ளன. மணல், செம்பு, சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்து உயர்ந்த வெப்பத்தில் சுட்டுச் செய்த இந்நீலம் பழங்கால மத்தியதரைக்கடல் உலகம் முழுவதும் பயன்பட்டது. கண்மணிப் பகுதிகள் குழிவாக விடப்பட்டிருப்பதால், அங்கே வேறொரு பொருள் பதிக்கப்பட்டிருந்தது என்று கொள்கிறார்கள். தொலைவை நோக்கும் தியானப் பார்வை என்று கவிஞர்கள் புகழ்வதில் ஒரு பங்கு, பதித்த பொருள் உதிர்ந்துபோனதால் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதுகில் ஏன் குழி உள்ளது?

பின்புறத்தில், தோள்களுக்கு இடையே, ஏறத்தாழ 18 செ.மீ. விட்டமும் 16 செ.மீ. ஆழமும் உள்ள, உருண்டையை ஒத்த குழி ஒன்று குடையப்பட்டுள்ளது. பொருள்களைக் காணிக்கையாக இடுவதற்கு, புனித எச்சங்களை வைப்பதற்கு, சுவரில் பொருத்துவதற்கு என நீண்டகாலம் பல ஊகங்கள் சொல்லப்பட்டன. இறந்தவரின் சாம்பலை வைக்கும் ஈமக்கலமாக இருக்கலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. இபேரியர்கள் இறந்தவர்களை எரிக்கும் வழக்கமுடையவர்கள் என்பதால் இது பொருத்தமாகத் தோன்றினாலும், சான்று இல்லாமலே இருந்தது.

முதற்சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1971 ஜூலையில், கிரனாடா மாகாணத்தின் பாஸா என்னும் ஊரில் பிரான்சிஸ்கோ பிரேசெதோ நடத்திய அகழாய்வில், கல்லறை ஒன்றினுள் இன்னொரு பெருமாட்டி கிடைத்தாள். சிறகுகள் உடைய நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்த உருவத்தின் நாற்காலிப் பக்கத்தில் ஒரு குழி. அதற்குள் எரிந்த மனித எலும்புகள். கல்லுருவமே ஈமக்கலமாகவும் பயன்பட்டது என்பது அன்று ஐயமின்றி நிறுவப்பட்டது. எல்ச்சே பெருமாட்டியின் குழியிலிருந்து எடுத்த நுண்துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அங்கும் எலும்புச் சாம்பலின் எச்சம் ஒட்டியிருப்பதாகத் தெரிவித்தது. தொடக்கத்திலேயே அந்நோக்கத்துக்காகச் செய்தார்களா, பிற்பாடு அப்படிப் பயன்படுத்தினார்களா என்பது தனிக் கேள்வி. ஆனால் ஏதோ ஒரு கட்டத்தில் அதனுள் ஒருவரின் சாம்பல் இருந்தது என்று கொள்ள வலுவான ஆதாரம் இருக்கிறது.

முழு உருவமாக இருந்து பின்னர் வெட்டப்பட்டதா?

இதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அடிப்பகுதி கருவித் தழும்புகளோடு கரடுமுரடாக இருப்பதைக் காட்டி, நின்ற அல்லது அமர்ந்த முழுவுருவிலிருந்து வெட்டப்பட்டது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். ஆடை மடிப்புகள் கீழே திடீரென நின்றுபோவதும் அவர்களுக்குத் துணை. மறுசாரார், பார்வைக்குத் தெரியாத அடிப்புறத்தை மெருகிடாமல் விடுவது சிற்பிகளின் இயல்பு என்கிறார்கள். குழியின் அமைப்பும் மார்பளவு உருவத்துக்கே இசைகிறது என்பது அவர்கள் வாதம். அலிகாந்தே மாகாணத்தின் குவார்தமார் அருகே, காபேஸோ லுஸேரோ என்னும் இடுகாட்டில், 1987இல் துண்டு துண்டாகக் கிடைத்து ஒட்டவைக்கப்பட்ட இன்னொரு பெண்ணுருவும் மார்பளவுச் சிலையே என்பதால், அவ்வடிவம் இபேரியர்களுக்குப் புதியதன்று என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம். என் சாய்வு இரண்டாம் தரப்பின் பக்கம்.

அவள் யார்? அரசியா, தெய்வமா, பூசாரியா?

மூன்றும் சொல்லப்பட்டுள்ளன, மூன்றையும் நிறுவ முடியாது. வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜ் நகரத்தாரின் தானித் என்னும் பெண்தெய்வத்தோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. முகத்தில் தனியொருவரின் சாயல் இருக்கிறது, எனவே இறந்துபோன ஓர் உயர்குடிப் பெண்ணின் உருவமே என்போர் உண்டு. ஈமக்கலம் என்ற கருத்து வலுப்பெற்றபின் இரண்டாவது விளக்கம் அதிக ஆதரவு பெற்றிருக்கிறது: குடிமூதாட்டியாகப் போற்றப்பட்ட ஒருத்தி, இறந்தபின் தெய்வநிலைக்கு உயர்த்தப்பட்டிருக்கலாம். அப்படியாயின் மனிதப் பெண்ணா, தெய்வமா என்ற கேள்வியே அக்கால மக்களுக்கு நாம் கேட்பதைப் போல இரண்டாகப் பிரிந்து நின்றிருக்காது. அட்லாண்டிஸ் என்னும் மூழ்கிய நிலத்தின் அரசி என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு விடையளிக்கத் தேவையில்லை.

இது போலி என்று சொல்லப்படுகிறதே?

அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஜான் மோஃபிட் 1995இல் வெளியிட்ட நூலில், இச்சிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட போலி என்று வாதிட்டார். ஒப்பிடத்தக்க வேறு சிலை இல்லை, முகம் அக்கால ஐரோப்பிய ரசனைக்கு மிகவும் ஒத்துப்போகிறது, முறையான அகழாய்வில் கிடைக்கவில்லை என்பன அவருடைய காரணங்களுள் சில.

ஐயம் எழுந்ததற்கு உண்மையான பின்னணி ஒன்று இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. எல்ச்சே பெருமாட்டி கிடைப்பதற்கு முன்னரே, அல்பசேத்தே மாகாணத்தின் செர்ரோ தெ லோஸ் சாந்தோஸ் என்னும் கோயில் தலத்திலிருந்து ஏராளமான இபேரியச் சிலைகள் வந்திருந்தன. கைகளில் கிண்ணம் ஏந்தி நிற்கும் பெரிய காணிக்கைப் பெண்ணும் அவற்றுள் ஒன்று. ஆனால் அவற்றோடு அருகிலுள்ள யெக்லா ஊரைச் சேர்ந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் போலிகளையும் கலந்து விற்றிருந்தார். அது அம்பலமானபோது இபேரியச் சிற்பம் என்ற சொல்லே ஐரோப்பிய அறிஞர்களிடம் சந்தேகத்துக்கு உரியதாயிற்று.

ஆயினும் மோஃபிட்டின் வாதம் நிற்கவில்லை. அதை வீழ்த்தியவை பெரும்பாலும் அணிகலன்களே. 1897இல் இருந்த ஒரு போலிச் சிற்பி, அதன் பிறகே மண்ணிலிருந்து வரப்போகும் பொருள்களைப் பார்த்துச் செதுக்கியிருக்க முடியாது. அலிகாந்தே கரையோரத்திலுள்ள ஹாவியாவில் பொற்புதையல் ஒன்று 1904இல்தான் கிடைத்தது. நுண்ணிய பொற்கம்பிகளை இழைத்து, பொன் மணித்துளிகளை ஒட்டிச் செய்த அதன் நெற்றிப்பட்டம், இத்தகைய அணிகள் இபேரியர்களிடம் உண்மையாகவே இருந்தன என்பதைக் காட்டியது. பாஸா பெருமாட்டி 1971இல் அறிஞர்களின் கண்முன்னே அகழ்ந்தெடுக்கப்பட்டாள். அவள் கழுத்திலும் தாயத்துக் கூடுகளும் சரங்களும் இருந்தன. குவார்தமாரில் 1987இல் கிடைத்த உருவமோ காதோரச் சக்கரங்கள், நெற்றியணி, கழுத்துச் சரம் ஆகியவற்றில் எல்ச்சே பெருமாட்டிக்கு உடன்பிறந்தவள் போல் இருக்கிறாள். ஒப்பிட வேறொன்று இல்லை என்ற வாதம் நூல் வெளிவந்த காலத்திலேயே காலங்கடந்ததாக இருந்தது. இவற்றோடு நிறமிகளையும் எலும்புச் சாம்பலையும் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், போலி என்ற கருத்துக்கு இன்று துறைசார்ந்தோரிடம் ஆதரவு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

எப்படிப் பாரிஸுக்குப் போயிற்று?

வியப்பூட்டும் வேகத்தில். எல்ச்சேயில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுவில், அன்னை மரியாவின் விண்ணேற்பைப் பாடல்களால் நடிக்கும் 'மிஸ்தெரி' என்னும் பழம்பெரும் தேவாலய நாடகம் நடைபெறும். அதற்காக வந்திருந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியேர் பாரி சிலையைக் கண்டார். உடனே லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செய்தி அனுப்பினார். நோயல் பார்தாக் என்னும் வங்கியாளர் பணம் தர, 4,000 பிராங்குக்கு விலை பேசப்பட்டது. கண்டெடுத்த அந்த ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் சிலை கப்பலேறிவிட்டது. பழம்பொருள்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் கடுமையான சட்டம் ஸ்பெயினில் அப்போது இல்லாததால், விற்றவரையோ வாங்கியவரையோ சட்டப்படி குற்றம் சொல்ல இடமில்லை. 'பெருமாட்டி' என்ற பெயரை உலகில் பரப்பியவரும் பியேர் பாரிதான்.

திரும்பி வந்தது எப்படி?

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது லூவ்ரின் பொருள்களோடு இச்சிலையும் பாதுகாப்புக்காகத் தென்பிரான்சின் மோன்தோபானுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பிரான்சு தோல்வியுற்று, விஷி என்னும் ஊரில் பெத்தேன் தலைமையில் ஜெர்மனிக்கு இணங்கிய அரசு அமைந்ததும், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு அதனோடு ஒரு பண்டமாற்று ஏற்பாடு செய்துகொண்டது. எல்ச்சே பெருமாட்டி, முரில்யோ வரைந்த அமலோற்பவ அன்னை ஓவியம், விசிகோத் அரசர் காலத்துக் குவாரஸார் புதையலின் பொன்முடிகளுள் சில ஆகியவை ஸ்பெயினுக்கு வந்தன. எல் கிரேக்கோ வரைந்த கோவார்ரூபியாஸின் உருவப்படம் உள்ளிட்ட கலைப்பொருள்கள் பதிலுக்குப் பிரான்சுக்குச் சென்றன. 1941இல் மாட்ரிட் வந்த சிலை முதலில் பிராதோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1971இல் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது.

சமமான இருவர் செய்துகொண்ட பரிமாற்றம் என்று இதை எழுதுவது சரியன்று. ஒரு தரப்பு தோற்றுப்போய், ஸ்பெயினின் நல்லெண்ணத்தை நாடிய நேரம் அது. பிராங்கோ அரசு இச்சிலையை நாட்டின் பழம்பெருமைக்கு அடையாளமாக்கிக்கொண்டது. 1948இல் வெளியிட்ட, அன்றைய ஸ்பானிய நாணயமான பெசேத்தாவின் ஒரு பெசேத்தா பணத்தாளில் அவள் முகம் அச்சாகி, அருங்காட்சியகம் பக்கமே போகாதவர்களின் சட்டைப்பைக்குள்ளும் நுழைந்தது.

எல்ச்சே மக்கள் ஏன் அதைத் தம் ஊருக்குக் கேட்கிறார்கள்?

கிடைத்த ஊரில் இருக்க வேண்டும் என்ற எளிய காரணமே போதுமானது. 1965இல் ஒருமுறையும், 2006இல் மே மாதம் முதல் நவம்பர் தொடக்கம் வரை இன்னொரு முறையும் சிலை எல்ச்சேக்கு இரவலாகக் கொண்டுவரப்பட்டது. 2006இல் ஊரின் தொல்லியல் அருங்காட்சியகம் அதற்கென்றே ஏற்பாடுகள் செய்திருந்தது. அதன்பின் விடுக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு, கல்லும் வண்ண எச்சங்களும் பயணத்தின் அதிர்வைத் தாங்கா என்பதே மாட்ரிட்டின் விடையாக இருந்துவருகிறது. மறுப்பவர்கள் சொல்லும் காரணம் உண்மையானதே. எனினும் அதே கல் 1897இல் கப்பலிலும் வண்டியிலும், 1939இல் போர்க்காலச் சாலைகளிலும் பயணம் செய்தது என்று எல்ச்சேக்காரர்கள் சுட்டிக்காட்டும்போது எளிதில் மறுமொழி சொல்ல முடிவதில்லை. லா அல்குதியா அகழாய்விடத்தில் இப்போது பார்க்கக் கிடைப்பது சிலையின் நகலே.

நேரில் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

அருங்காட்சியகம் மாட்ரிட்டின் செர்ரானோ தெருவில், தேசிய நூலகம் உள்ள அதே கட்டடத்தின் மறுபுறத்தில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை. நுழைவுக்கட்டணம் 3 யூரோ. சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிறு காலையிலும் இலவசம். அந்த நேரங்களில் கூட்டம் அதிகம் என்பதால், பொறுமையாகப் பார்க்க விரும்புபவர் கட்டணம் செலுத்தி வேறொரு நாள் காலையில் போவதே மேல்.

பெரும்பாலோர் நேர்முன்னே நின்று முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிலையைச் சுற்றி வாருங்கள். பக்கவாட்டில் நின்றால்தான் தலைத்துணி எவ்வளவு உயரத்துக்குக் கூம்பி எழுகிறது என்பதும், சக்கரங்கள் தட்டையான வட்டுகளல்ல, கணிசமான தடிமன் உடைய கூடுகள் என்பதும் புரியும். பின்னால் சென்றால் முதுகுக் குழியைக் காணலாம். முன்புறத்தின் நுணுக்கத்தோடு ஒப்பிட்டால் பின்புறம் எவ்வளவு சுருக்கமாக முடிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். சுவரையோ மாடத்தையோ ஒட்டி வைக்கவே அது செய்யப்பட்டது என்று எண்ணுவதற்கு அந்த வேறுபாடு இடம் தருகிறது. உதட்டோரத்துச் சிவப்பைத் தேடுபவர்கள் சற்றுப் பக்கவாட்டிலிருந்து நோக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு எவை உள்ளன?

பாஸா பெருமாட்டியும், செர்ரோ தெ லோஸ் சாந்தோஸின் காணிக்கைப் பெண்ணும் அதே அருங்காட்சியகத்தில் இபேரியப் பகுதியிலேயே உள்ளனர். ஹாவியாவின் பொற்புதையலும் அங்கேதான் இருக்கிறது. கல்லில் செதுக்கிய நெற்றிப்பட்டத்தைப் பார்த்த கையோடு பொன்னால் செய்த நெற்றிப்பட்டத்தையும் பார்ப்பது, போலி விவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிடப் பயனுள்ளது. குவார்தமார் உருவத்தைக் காண அலிகாந்தே நகரின் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். முகம் மிகவும் சிதைந்த நிலையில் இருப்பதால் அங்கே கூட்டம் இருப்பதில்லை. ஆனால் சக்கரங்களும் சரங்களும் அடையாளம் காணும் அளவுக்குத் தப்பியிருக்கின்றன. எல்ச்சே பெருமாட்டியைப் பார்த்துவிட்டு அங்கே செல்பவர் அவற்றை உடனே இனங்கண்டுகொள்வார்.